மதினியின் மாத்திரையும் என் டானிக்கும்

முப்பத்திரண்டு வருஷம் மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கியதில் என் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை தாழ்ந்துவிட்டது. ஓய்வுபெற்ற அன்று அதற்கு ஈடாகக் கம்பெனி எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. இப்போது புதிதாகப் பை தூக்கியிருக்கும் உங்களுக்காக என் அனுபவங்களை எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். வெற்றிக் கதைகளாக இருந்தால் நல்லதாம். அவை உங்கள் மேனேஜரிடம் நிறைய இருக்கும். அவர் சொல்வதில் பாதி உண்மையென்றாலே மதுரையில் ஒரு நோயாளியும் மிஞ்சியிருக்க முடியாது. நான் வேறொன்று சொல்கிறேன்.

நம் தொழிலில் ஒரு நோய் உண்டு. மூன்று வாரப் பயிற்சி முடிந்து ஊர் திரும்பிய உடனே பிடிக்கும். கழுத்தில் டை, கையில் பை, பை நிறைய இலவச சாம்பிள். தெருவில் ஒருவர் இருமினால் போதும், கை தானாகப் பைக்குள் போகும். ஆறு வருஷம் படித்த டாக்டர் யோசித்து யோசித்து எழுதுவதை, நாம் படியிறங்கிக்கொண்டே எடுத்துக் கொடுத்துவிடுவோம். வாங்குகிறவர்களுக்கும் சந்தோஷம்தான். ஃபீஸ் கிடையாது, வரிசை கிடையாது, ஊசி கிடையாது. இந்த நோய் எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்திருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். படித்தது விலங்கியல். மனித உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்லூரியில் தவளையை அறுத்தபோது தெரிந்துகொண்டது. காளவாசலில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரர் பாண்டியண்ணன். பம்ப்செட் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அவர் மனைவி ஜெயா மதினி. பாண்டியண்ணனின் அம்மாவும் தங்கை சாந்தியும் அதே வீட்டில்தான். தலைவலியானாலும் வயிற்றுவலியானாலும் “தம்பி” என்று மாடிப்படியில் குரல் கேட்கும். டாக்டர் பட்டத்தை அந்த வீட்டில் எனக்கு அன்பாகக் கொடுத்துவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

மதினிக்கு ஒரு குழந்தை பிறந்து தங்காமல் போயிருந்தது. அதற்குப் பிறகு அவர் சாப்பிடாமல், பேசாமல், விடிந்தால் ஏன் விடிந்தது என்று அழுதுகொண்டு பல மாதம் கிடந்தாராம். நான் குடிவருவதற்கு முந்தைய கதை அது. டவுனில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் காட்டி, மன அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்து, ஆளை மீட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். நான் பார்த்த மதினி சிரிக்கிற மதினி. காலையில் ஒன்றும் ராத்திரி இரண்டுமாக ஒன்றரை வருஷம் மாத்திரை சாப்பிட்டுவந்தார். வாய் வறள்கிறது, உடம்பு போடுகிறது என்று சலித்துக்கொள்வார். அடுத்த தடவை வரும்போது மெதுவாகக் குறைக்க ஆரம்பிக்கலாம் என்று டாக்டரம்மாவும் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் கம்பெனி அமினோ அமில டானிக் ஒன்றைக் கொண்டுவந்தது. காபி நிறம், ஆரஞ்சு வாசனை. டாக்டர்களிடம் விரித்துக் காட்ட ஒரு படப் புத்தகம் கொடுத்தார்கள். அதில் ஒருவன் தலைக்குள் சூரியன் உதித்துக்கொண்டிருக்கும். புரதத்துக்கு அமினோ அமிலம் செங்கல், அந்தச் செங்கலில் ஒரு வகை மூளைக்கும் போகிறது, அது மனத்தைத் தெளிவாக வைக்க உதவலாம் என்று கீழே அச்சடித்திருந்தார்கள். அந்த ‘லாம்’ எனக்கு இடைஞ்சலாக இருந்தது. பேசும்போது அதை எடுத்துவிட்டேன். மன அழுத்தத்துக்கு இதுவே போதும் என்று கம்பெனி எங்கேயும் அச்சடிக்கவில்லை. அதைச் சேர்த்தது என் வாய்.

இந்த நிலையில் சாந்தியைப் பெண் பார்க்க வாடிப்பட்டியிலிருந்து வருவதாகச் சேதி வந்தது. நல்ல இடம், நஞ்சை நிலம், மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை. பாண்டியண்ணன் வீட்டுக்கு வெள்ளையடித்தார். வெள்ளையடித்த கையோடு அலமாரியில் இருந்த மாத்திரை அட்டையும் அவர் கண்ணில் பட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டை அலசாமல் போக மாட்டார்கள். மாத்திரையின் பெயரை எவனாவது மருந்துக்கடைக்காரனிடம் கேட்டுவிட்டால், அந்த வீட்டில் கிறுக்கு இருக்கிறது என்று வாடிப்பட்டி முழுக்கப் பரவிவிடும். அப்புறம் சாந்தியை யார் கட்டுவார்கள்? இதுதான் அவர் கவலை.

“தம்பி, மாத்திரைய எடுத்து ஒளிச்சு வச்சாலும், வேளாவேளைக்கு எடுத்துத் திங்கிறத யாராச்சும் பாத்துருவாக. ஆள் வர்றதும் போறதுமா இருக்கும். கொஞ்ச நாளைக்கு வேற எதுவும் இல்லையா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு ஒரு மனிதன் சொல்ல வேண்டிய பதில், “டாக்டரைக் கேளுங்கண்ணே” என்பது. மூன்றே நொடியில் சொல்லிவிடலாம். நான் பையைத் திறந்தேன்.

“மாத்திரைங்கிறது வெளியில இருந்து தள்ளிவிடுறதுண்ணே. இது மூளைக்குச் சாப்பாடு. டாக்டரம்மாவும் குறைக்கத்தான சொல்லியிருக்காக? நாம கொஞ்சம் வெரசாக் குறைக்கிறோம், அம்புட்டுத்தான்.”

மதினி பாட்டிலை வாங்கிப் பார்த்தார். அவருக்குத்தான் கொஞ்சம் சந்தேகம். “ஒரே நாள்ல நிறுத்தலாமா தம்பி?” என்று கேட்டார். அந்த வீட்டில் அன்றைக்குச் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். “தாராளமா நிறுத்தலாம் மதினி” என்றேன். டானிக் பாட்டில் என்றால் கௌரவம், வசதியான வீட்டு அடையாளம் என்று வேறு சொல்லி, ஆறு பாட்டிலை ஹாலில் கண்ணாடி அலமாரியில் பொம்மைகளுக்குப் பக்கத்தில் நானே அடுக்கி வைத்தேன்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மதினி வாய் வறட்சி குறைந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். அது போதும் எனக்கு. திங்கட்கிழமை மூன்று டாக்டர்களிடம், “என் நேர் அனுபவம் சார், மாத்திரையே இல்லாமல் டானிக்கிலேயே நிற்கிறார்கள்” என்று அளந்துவிட்டேன். ஒருவர் அசந்துபோய் என் பேனாவை வாங்கியே குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மதினிக்குக் குமட்டியது. நாலாம் நாள் வாந்தி, சேலை நனைகிற மாதிரி வேர்வை. படுத்தால் தூக்கம் இல்லை, அசந்தால் கெட்ட கனவு. நடு அறையில் இங்குமங்கும் நடந்துகொண்டே இருந்தார். விஷக் காய்ச்சல் என்று நான் தீர்ப்பளித்தேன். காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கக்கூட இல்லை. சத்துப் போதவில்லை என்று டானிக்கை இரண்டு மூடியிலிருந்து நாலு மூடியாக ஏற்றினேன். பாண்டியண்ணனின் அம்மாவுக்கு என் மருத்துவத்தில் நம்பிக்கை குறைந்து, அழகர்கோவில் மலைக்குப் போய்த் தீர்த்தம் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் கையில் ஒரு பாட்டில், என் கையில் ஒரு பாட்டில். இரண்டு வைத்தியர்களும் படுக்கையின் இரண்டு பக்கமும் நின்றோம். இரண்டு பேரில் அந்த அம்மாளாவது மருமகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஏழாம் நாள்தான் மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாள். அன்று பிற்பகல் எனக்கு டவுனில் வேலை. மதினிக்கு வைத்தியம் பார்த்த அதே டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போனேன். அவர்தான் இவர் என்று எனக்கு அப்போது தெரியாது, கேட்டுவைத்துக்கொள்ளவும் தோன்றியிருக்கவில்லை. அவருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். மருந்துக் கம்பெனி ரெப்புகளான நாங்கள் அவருக்கு ‘கோர்ட்’ என்று பெயர் வைத்திருந்தோம். உள்ளே போனால் குறுக்கு விசாரணைதான். மற்றவர்கள் அவரிடம் பாதிப் படத்தை மட்டும் காட்டிவிட்டு ஓடிவந்துவிடுவார்கள். என்னிடம்தான் நேர் அனுபவம் இருக்கிறதே. முந்தின ராத்திரி முழுக்க மதினி அறைக்குள் நடந்த காலடிச் சத்தம் மாடியில் எனக்குக் கேட்டது. அதைக் கேட்ட பிறகும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

“எங்க ஹவுஸ் ஓனர் சம்சாரம் மேடம். உங்க மாதிரி ஸ்பெஷலிஸ்ட் குடுத்த மாத்திரைதான் சாப்ட்டாங்க. இப்ப அதை விட்டுட்டு டானிக் மட்டும்தான்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “என்ன மாத்திரை?”

சொன்னேன்.

“என்னைக்கு நிறுத்துனாங்க? படிப்படியாவா, ஒரே நாள்லயா?”

“போன சனிக்கிழமை மேடம். ஒரே நாள்ல” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

“தூங்குறாங்களா? வாந்தி இருக்கா? வேர்க்குதா?”

நான் படப் புத்தகத்தை மெதுவாக மூடினேன். “லேசா விஷக் காய்ச்சல் மேடம்...”

“நீங்க காளவாசலா? அவங்க பேரு ஜெயாவா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“சார், உங்க பாட்டில்ல இருக்கறது பருப்புலயும் முட்டையிலயும் இருக்கறதுதான். அதைச் சாப்பிட்டா நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒன்றரை வருஷமா மருந்துக்குப் பழகின உடம்பு அது. ஒரே நாள்ல பிடுங்குனா இப்படித்தான் ரகளை பண்ணும். அதுக்குப் பின்னாலயே பழைய நோயும் எட்டிப் பாக்கும். இது எது, அது எதுன்னு எனக்கே பக்கத்துல உக்காந்து கேட்டாத்தான் தெரியும். உயிரோட இருக்கவே பிடிக்கலைங்கிற மாதிரி நெனப்பு வருதான்னு யாராவது அவங்ககிட்டக் கேட்டீங்களா?”

“இல்ல மேடம்.”

அவர் ஒரு சீட்டில் வேகமாக எழுதினார். “இப்பவே போங்க. அவங்க வீட்டுக்காரர்கிட்ட நேரா சொல்லுங்க. ஒரு நிமிஷம்கூடத் தனியா விடக்கூடாது. உடனே இங்க கூட்டிட்டு வரணும். எத்தனை பேர் வெளியில உக்காந்திருந்தாலும் முதல்ல அவங்களைத்தான் பாப்பேன்.”

சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரை விரட்டினேன். வழி முழுக்க மதினிக்காகப் பயந்தேன் என்று எழுத ஆசைதான். பாதி தூரம் வரை கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமே என்றுதான் பயந்தேன்.

வீட்டு வாசலில் கார் நின்றது. ஹாலில் ஜமுக்காளம் விரித்து மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் இன்னும் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கேசரி, பஜ்ஜி. பாண்டியண்ணன் பட்டுச்சட்டையில் இருந்தார். நான் அவர் காதருகே குனிந்து, “மதினி எங்கண்ணே?” என்றேன்.

“பின்னாடி இருக்கா. தலவலியாம். நீங்க உக்காருங்க தம்பி, நல்ல நேரத்துல வந்தீக.”

அவர் ஏன் நல்ல நேரம் என்றார் என்பது அடுத்த வினாடியே தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடி அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏங்க, இம்புட்டு டானிக் பாட்டில் வச்சிருக்கீகளே, வீட்ல யாருக்குச் சீக்கு?” என்று கேட்டார்.

நான் கௌரவம் என்று அடுக்கி வைத்த ஆறு பாட்டில். ஜமுக்காளத்தில் இருந்த எல்லோரும் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“சீக்கெல்லாம் ஒண்ணுமில்லைங்க” என்று பாண்டியண்ணன் சிரித்தார். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. “நம்ம தம்பி மருந்துக் கம்பெனில பெரிய ஆபீசரு. அது என்னன்னு அவரே சொல்லட்டும். சொல்லுங்க தம்பி.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சட்டைப்பையில் சீட்டு இருந்தது. ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது என்று சொன்ன குரல் காதிலேயே இருந்தது. பாண்டியண்ணனை எழுப்பி வெளியே கூட்டிப்போய்ச் சொல்ல வேண்டும். ஆனால் இவர்கள் முன்னால் எப்படி? சாந்தியின் கல்யாணம் என்ன ஆவது? என் பெயர் என்ன ஆவது? இவர்கள் போகட்டும், போன பிறகு சொல்லிக்கொள்ளலாம், அரை மணி நேரத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

பேசினேன். செங்கல் சொன்னேன், மூளை சொன்னேன், படப் புத்தகத்தை விரித்துத் தலைக்குள் சூரியன் உதிப்பதைக் காட்டினேன். மாப்பிள்ளையின் அப்பா, “எனக்கு மூட்டுவலி இருக்கு, இது கேக்குமா?” என்று கேட்டார். “கேக்கும்” என்றேன். மாப்பிள்ளையின் அம்மாவின் முகம் மலர்ந்தது. பாண்டியண்ணன் பெருமூச்சு விட்டார். யாரோ என் கையில் தட்டைக் கொடுத்தார்கள். இரண்டு பஜ்ஜி தின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு கோவையாக நான் எந்த டாக்டரிடமும் பேசியது கிடையாது.

அப்போது சாந்தி உள்ளேயிருந்து வந்தாள். கையில் காபித் தட்டு இல்லை. பட்டுச்சேலையின் கீழ்ப்பக்கம் ஈரமாக இருந்தது. இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே அவளுக்குக் கண்ணில் படவில்லை.

“அண்ணே, மதினி கெணத்தடியில உக்காந்து அழுதுக்கிட்டே இருக்கு. கூப்பிட்டாக் காதுலயே வாங்க மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்குண்ணே.”

“சத்தம் போடாத, உள்ள போ” என்றார் பாண்டியண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். கிணற்றுக்குப் பக்கத்தில் துணி துவைக்கிற கல்லில் மதினி உட்கார்ந்திருந்தார். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. சாந்தி எனக்கு முன்னால் போய் ஈரத் தரையில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் பழைய நெனப்பு வந்துருச்சு தம்பி” என்றார் மதினி. “இங்கிட்டு வரக் கூடாதுன்னுதான் இருந்தேன். காலு தானா வந்துருச்சு. சாந்தி கல்யாணம் முடியுற வரைக்கும் பொறுத்துக்கிருவோம்னு பாத்தேன். முடியல.”

பாண்டியண்ணன் பின்னாலேயே வந்துவிட்டார். அவரிடம் சொன்னேன். “மாத்திரைய நிறுத்தச் சொன்னது நாந்தாண்ணே, என் தப்பு. டாக்டரம்மா உடனே கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. தனியா விடவே கூடாதுன்னாங்க.” சீட்டை நீட்டினேன். அவர் சீட்டை வாங்காமல் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பட்டுச்சட்டையோடு குனிந்து, “வா ஜெயா, போவோம்” என்று அவரைத் தூக்கி நிறுத்தினார்.

ஹால் வழியாகத்தான் போக வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா, “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். “ஆமாங்க, மனசுக்குச் சரியில்ல. ஆஸ்பத்திரிக்குப் போறோம்” என்று சாந்தியே சொல்லிவிட்டாள். இன்னொரு நாளைக்கு வருகிறோம் என்று அவர்கள் எழுந்தார்கள். வரவே இல்லை. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் மூட்டுவலிக்கு இரண்டு பாட்டிலை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

மதினி பிழைத்துக்கொண்டார். அன்றே பழைய மாத்திரை ஆரம்பமானது. சில வாரம் அவரை யாரும் தனியாக விடவில்லை. நன்றாகத் தேறி, பல மாதம் நிலையாக இருந்த பிறகுதான் டாக்டரம்மா குறைக்கத் தொடங்கினார். கொஞ்சம் குறைப்பது, பல வாரம் பொறுத்துப் பார்ப்பது, மறுபடி கொஞ்சம். நடுவில் ஒரு தடவை தூக்கம் கெட்டது. உடனே பழைய அளவுக்கு ஏற்றிவிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை, தோல்வியா மேடம் என்று கேட்டேன். “மாடிப்படியில இறங்கிட்டிருக்கும்போது ரெண்டு படி திரும்ப ஏறி நின்னுட்டு இறங்குனா விழுந்ததா அர்த்தமா? உங்க டாக்டர் தொழில் எப்படிப் போகுது?” என்றார். அதற்குப் பிறகு பல வருஷம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்பார். கம்பெனிக்கு மட்டும் அவர் எழுதவே இல்லை.

அடுத்த வாரமே, நான் முன்பு அளந்துவிட்ட மூன்று டாக்டர்களிடமும் திரும்பப் போய் நடந்ததைச் சொன்னேன். பேனா வாங்கிக் குறித்துக்கொண்டவர் அதற்குப் பிறகு என்னை உள்ளே விடவில்லை. சரியான காரியம்தான். சாந்தியை வேறொரு இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பார்க்க வந்தவர்களிடம், எங்கள் மதினி மாத்திரை சாப்பிடுகிறார் என்று அவளே முதல் பேச்சாகச் சொன்னாளாம்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். தெருவில் யாராவது மருந்து கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். ஒருவர் சாப்பிடுகிற மருந்தை நிறுத்து என்றோ மாற்று என்றோ சொல்ல உங்களுக்கு வாயே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தால், யார் உட்கார்ந்திருந்தாலும், எந்தக் கல்யாணம் நின்றாலும், அந்த நிமிடமே சொல்லுங்கள். டானிக் கொடுத்தது என் அறியாமை. அதைக்கூட ஒருவர் மன்னிக்கலாம். சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசியது அறியாமை இல்லை.

டாக்டரம்மா கடைசி மாத்திரையையும் நிறுத்திய வாரத்தில், மதினி மாடிக்கு வத்தல் காயப்போட வந்தார். நான் பையை அடுக்கிக்கொண்டிருந்தேன். வத்தலைப் பரப்பிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

“தம்பி, அன்னைக்கு நீங்க ஸ்கூட்டர்ல வந்து எறங்குன சத்தம் கெணத்தடியில எனக்குக் கேட்டுச்சு. சரி, தம்பி வந்துருச்சு, இங்கிட்டு வரும்னு நெனச்சேன். பத்து நிமிசம் ஆளக் காணோம். அம்புட்டு நேரம் உள்ள என்ன பண்ணீக?”

பொய் ஒன்று நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

“டானிக்கப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன் மதினி.”

அவர் கை நின்றது. தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நல்லாப் பேசுனீகளா?”

“நல்லாப் பேசுனேன் மதினி” என்றேன்.